கவ்வாத்துக்குப் பன்னிரண்டு உபயகாரர்

என் சித்தப்பா மகள் ஜெயந்தினி என்ன வேலை பார்க்கிறாள் என்று எங்கள் தோட்டத்தில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பதில் கிடைக்கும். கொம்பியூட்டர் ரிப்பேர் என்பார் ஒருவர். கொம்பியூட்டருக்கே பாடம் நடத்துகிறாள் என்பார் இன்னொருவர். கொழுந்து லொறி ஓட்டும் அவள் புருஷன் நிரஞ்சன், "காலங்காத்தால வெள்ளைக்காரங்களுக்குக் கடுதாசி எழுதுவாங்க" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு லொறியில் ஏறிப் போய்விடுவான். உண்மைக்கு மிகக் கிட்ட வந்தவன் அவன்தான்.

நான் கந்தப்பன். தலவாக்கலை டவுனில் ஒரு சின்ன அச்சகம் வைத்திருக்கிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டிக்குப் பதினோரு வருடமாக நான்தான் செயலாளர். அதற்கு என் திறமை காரணம் என்று நான் சொல்வேன். அந்த வேலைக்கு வேறு யாரும் வர மாட்டார்கள் என்பது கமிட்டியில் உள்ளவர்களின் கருத்து. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜெயந்தினியின் கதையில் நடந்த பெரிய பிழை என்னுடையது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு யாரும் குத்திக் காட்ட முடியாது.

அவள் பிறந்தது மேல்பிரிவு லயத்தில், தொழிலாளர்களுக்குத் தோட்டம் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில். சித்தப்பா செல்லசாமி ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இலை அரைக்கும் மெஷினுக்குப் பக்கத்திலேயே முப்பது வருடம் நின்றவர். சித்தி கொழுந்து பறித்தார். ஜெயந்தினி ஹட்டனில் வர்த்தகம் படித்தாள். பிறகு கண்டியில் ஒரு வருடம் கொம்பியூட்டர் படித்துவிட்டு வந்து, எங்கள் தோட்ட ஆபீஸிலேயே செக்ரோல் பார்க்கும் கிளாக்கராகச் சேர்ந்தாள். தோட்டத்தின் உயிர்நாடி செக்ரோல்தான். இன்றைக்கு யார் மலைக்குப் போனார்கள், எத்தனை கிலோ எடுத்தார்கள், அவர்களுக்கு முழுப்பேரா அரைப்பேரா என்பதெல்லாம் அதில்தான் ஏறும். முழுப்பேர் என்றால் முழு நாள் சம்பளம், அரைப்பேர் என்றால் பாதி. சாமி தப்புப் பண்ணினாலும் மன்னிப்பார்கள், செக்ரோல் தப்புப் பண்ணினால் விட மாட்டார்கள்.

இந்தச் செக்ரோல் ஓடுவது பெட்ரானா என்ற ஒரு தரவுத்தளத்தில். தரவுத்தளம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பெயர்களையும் எண்களையும் தட்டுத் தட்டாக அடுக்கி வைக்கும் அலமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் எத்தனையோ பேர்போன அலமாரிகள் இருக்க, குளிர்நாடு ஒன்றில் ஒரு சின்னக் கம்பெனி செய்த இந்தப் பெட்ரானாவை எங்கள் கொழும்புத் தலைமை ஆபீஸ் வாங்கியதற்கு ஒரே காரணம், அந்த வருடம் அது பாதி விலைக்குக் கிடைத்ததுதான்.

பாதி விலைச் சாமான் தன் குணத்தை ஒரு சம்பள நாளில் காட்டியது. கொழும்பில் இருந்த ஒரு மகராசன் அலமாரியில் ஒரு தட்டை இடம் மாற்றியிருக்கிறார். எந்தத் தட்டை அசைத்தால் எது சரியும் என்று பார்க்க ஒரு வழியும் கிடையாது. கீழ்ப்பிரிவுப் பெண்கள் எல்லாருக்கும் அந்த மாதத்து முழுப்பேரெல்லாம் அரைப்பேராகிவிட்டது. அவர்கள் கூடையோடு வந்து ஆபீஸ் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்த அம்மாக்கண்ணு அக்கா ஜெயந்தினியைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார். "நான் மழையில நனைஞ்சு இருபத்திரெண்டு கிலோ எடுத்த அன்னைக்கு அரைப்பேர் போட்டது நீயா, ஒம் மெஷினா?"

சம்பளத்தைப் பிறகு திருத்திக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு கருவி எழுதினாள். பெட்ரானாவில் எதையாவது மாற்றப் போகிறவர்கள் முதலில் இதை ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்தத் தட்டை அசைத்தால் அங்கே இத்தனை பேருடைய கணக்கு சரியும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். அதற்குக் கவ்வாத்து என்று பெயர் வைத்தாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு கத்தி வைக்க மாட்டார். எந்தக் கொப்பை வெட்டலாம், எதைத் தொட்டால் செடி செத்துப் போகும் என்று பார்த்துத்தான் வெட்டுவார்.

செய்தாளே, அதை விலைக்கு விற்றாளா என்றால் இல்லை. இணையத்தில் போட்டு, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். நான் திட்டினேன். ஊரில் எவனும் தண்ணீர்ப் போத்தலைக்கூடச் சும்மா கொடுப்பதில்லை, நீ மட்டும் என்ன தர்ம சத்திரமா என்று கேட்டேன். பெட்ரானா ஓடுகிற மற்ற இடங்களிலும் யாருக்காவது அரைப்பேர் விழுந்திருக்கும் இல்லையா அண்ணே என்றாள். இப்படிப் பேசுகிறவளிடம் என்ன சொல்வது.

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பெட்ரானாவைப் பாதி விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் உலகம் முழுதும் இருந்தார்கள். நோர்வேயில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கம், போர்த்துக்கலில் ஒரு நூலகம், சிலியில் ஒரு விதை நிலையம், மொரீசியஸில் ஒரு சீனி ஆலை என்று நாலைந்து வருடத்தில் அறுநூறு இடங்களில் கவ்வாத்து ஓடியது. அந்தப் பெயரை அவர்கள் வாயில் போட்டுப் படுத்திய பாட்டை நான் எழுதப் போவதில்லை. ஜெயந்தினி தினமும் ஐந்து மணிக்கு எழும்பி, ஏழு மணி வரைக்கும் அவர்களுடைய கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டு ஆபீஸுக்குப் போவாள். ஒன்பது வருடம் அப்படி ஓடியது. நன்றி சொல்லிச் சிலர் கோப்பி குடிக்க என்று கொஞ்சம் காசு அனுப்புவார்கள். சுற்றிச் சுற்றித் தேயிலையாக நிற்கிற இடத்தில் இருக்கிறவளுக்குக் கோப்பிக் காசு! அதுவும் மாதக் கடைசியில் நெட் கார்டு போடுவதற்கே சரியாகப் போய்விடும்.

போன மாசி மாதம் ஒரே வாரத்தில் அவளுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று பெட்ரானா கம்பெனியிடமிருந்து. வருகிற செப்டெம்பரில் புதிய பெட்ரானா வருகிறது, உள்ளே எல்லாம் மாறுகிறது என்றது அது. கவ்வாத்தை அடியிலிருந்து திரும்ப எழுதாவிட்டால் அன்றோடு அது செத்துப் போகும். காலை இரண்டு மணித்தியாலத்தில் முடிகிற வேலையல்ல அது, முழுநேரமாக உட்கார வேண்டும். மற்றக் கடிதம் எங்கள் தலைமை ஆபீஸிலிருந்து. கொழும்பில் பெரிய உத்தியோகம், இரட்டிப்புச் சம்பளம், தங்க இடம். வெளி வேலை எதுவும் பார்க்கக் கூடாது. சித்திரை வருசப் பிறப்புக்கு முன்னால் பதில் சொல்ல வேண்டும்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பார்கள். நிரஞ்சன்கூட, நீங்க போறதுன்னா போங்க, நான் சமைக்கப் பழகிக்கிறேன் என்றானாம். அவன் வைத்த ரசத்தைக் குடித்தவர்களுக்கு அந்த வார்த்தையின் தியாகம் புரியும். ஜெயந்தினி என் கடைக்கு வந்து, கட்டுக் கட்டாக இருந்த கடதாசிக்கு மேலே உட்கார்ந்தாள்.

"எனக்குக் கொழும்பு வேணாம்ணே. எனக்கு இந்த வேலைதான் வேணும், இங்கேயே வேணும். இதுக்கு யாரு சம்பளம் குடுக்கணும்னுதான் தெரியல."

யார் கொடுக்க வேண்டும் என்று அவள் கேட்டுப் பார்க்காமல் இல்லை. பெட்ரானா செய்த கம்பெனிக்கு எழுதினாள்; உங்கள் அலமாரியை ஆட்கள் தைரியமாகப் பாவிப்பதே என் கருவியால்தான், நீங்கள் கொஞ்சம் பார்க்கக் கூடாதா என்று. அவர்கள் மனம் நெகிழ்ந்து ஒரு டீசேர்ட் அனுப்பினார்கள். அதற்குள் ஜெயந்தினியும் நிரஞ்சனும் ஒன்றாக நுழையலாம். இப்போது அதைக் கொண்டுதான் லொறி துடைக்கிறான். எங்கள் தலைமை ஆபீஸைக் கேட்டாள். சும்மா கிடைக்கிற சாமானுக்குச் செலவு எழுத எங்கள் பட்ஜெட்டில் இடமில்லை என்றார்கள். பாவிக்கிற புரோகிராமர்களைக் கேட்கலாம் என்றால், அவர்கள் தங்கள் கம்பெனிதான் தர வேண்டும் என்பார்கள். கம்பெனிகளோ, பெட்ரானாவைச் செய்தவர்களைக் கேளுங்கள் என்பார்கள். சுற்றிக்கொண்டே இருந்தது.

இந்தப் பேச்சு நடக்கும்போது அன்ஸார் நானா கடையில் இருந்தார். டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர், பில் புத்தகம் அடிக்கக் கொடுத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார். "தங்கச்சி, சும்மா குடுத்த சாமானுக்குப் பொறகு விலை சொல்ல ஏலாது. ஆனா கௌரவத்துக்கு விலை சொல்லலாம். வருசா வருசம் இவரு எனக்கு அதைத்தானே செய்றாரு."

அவர் சொன்னது திருவிழா நோட்டீசை. எங்கள் கோயில் திருவிழா ஐந்து நாள். ஒவ்வொரு நாளும் ஒருவருடைய உபயம். அன்றைய பூசைக்கும் சோற்றுக்கும் மேளத்துக்கும் அவர்கள் பொறுப்பு. முதல் நாள் மலையில் வேலை செய்கிறவர்கள், இரண்டாம் நாள் ஸ்டோர்க்காரர்கள், இப்படிப் போகும். தண்ணீர்ப் பந்தல் அன்ஸார் நானாவுடையது. நான் யாரிடமும் போய்க் கேட்பதில்லை. பெயரைப் போட்டு நோட்டீசை அடித்து, டவுன் முழுக்க ஒட்டிவிட்டுத்தான் கையில் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். எங்களுக்குள் அது அவமரியாதை அல்ல. நீ எங்கள் ஆள் என்று சொல்கிற விதம் அது. பெயர் வராமல் போனால்தான் சண்டை வரும். முதல் வருடம் அன்ஸார் நானா நோட்டீசோடு கோபமாகக் கடைக்கு வந்தார், காசை எண்ணி வைத்தார், பிறகு தன் கடைப் பெயர் ஏன் இவ்வளவு சின்ன எழுத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

எனக்கு மூளையில் பல்ப் எரிந்தது. வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம். மாதம் ஒரு உபயகாரர். ஆளுக்கு ஜெயந்தினியின் ஒரு மாதச் சம்பளம், அதற்கு மேல் ஒரு சதம் வேண்டாம். அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கு இது தேநீர்ச் செலவு. கவ்வாத்தைத் திறந்தவுடனே யார் யாருக்கு எந்த மாதம் என்ற நோட்டீஸ் கண்ணில் பட வேண்டும். ஊர் கூடித்தானே தேர் இழுப்பது?

திட்டம் ஜெயந்தினிக்குப் பிடித்திருந்தது. ஆனால் கேட்காமல் பெயர் போடலாமா என்று தயங்கினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கேட்டால்தானே இல்லை என்று சொல்வார்கள், பதினோரு வருட அனுபவத்தில் சொல்கிறேன், போடு என்றேன். வருசப் பிறப்பு நெருங்கிக்கொண்டிருந்தது. அவளும் போட்டுவிட்டாள். அவளுக்கு அதிகமாகக் கடிதம் எழுதிய பதினோரு இடங்களின் பெயர்கள். புதிய பெட்ரானா வருகிற செப்டெம்பர் எங்கள் கணக்கில் தேர் நாள். அதைப் பெட்ரானா கம்பெனிக்கே கொடுத்து, எங்கள் தேர் நாளுக்குத் தோட்ட நிர்வாகத்தின் பெயரைப் போடுவது போலப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். உபயம் என்பதற்கு இங்கிலீசில் சரியான சொல் கிடைக்காததால் அதை அப்படியே விட்டுவிட்டோம்.

இரண்டு நாளில் கடித மழை பிடித்துக்கொண்டது. தங்களில் யார் இதற்குச் சம்மதம் கொடுத்தது என்று விசாரணை தொடங்கியிருப்பதாக நூலகம் எழுதியது. உபயம் என்பது இலங்கை அரசாங்கத்தின் புதிய வரியா என்று மீன் சங்கம் கேட்டது. விதை நிலையம் ஒரு வக்கீலின் முகவரியை அனுப்பியது. பெட்ரானா கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து நாலு பக்கக் கடிதம் வந்தது. அனுமதியில்லாமல் எங்கள் பெயரைப் பாவித்திருக்கிறீர்கள், மூன்று நாளில் எடுக்காவிட்டால் வழக்கு என்பதுதான் அதன் சாரம். நான் அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. தலவாக்கலை வழக்கத்தை உலக வழக்கம் என்று நினைத்து, ஒரு பெண்ணின் ஒன்பது வருட நல்ல பெயரை இரண்டு நாளில் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது.

ஜெயந்தினி என்னை ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "உங்களைச் சொல்லிக் குத்தமில்லண்ணே, கேட்ட எனக்கு எங்க போச்சு புத்தி." அதை அவள் சிரிக்காமல் சொன்னாள். அதற்குப் பதிலாக அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அன்றைக்கே எல்லாப் பெயர்களையும் எடுத்தாள். எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கடிதம் போட்டாள். எங்கள் தோட்டத்தில் ஒருவர் பெயரைக் கேட்காமல் நோட்டீசில் போட்டால், அவரை எங்களில் ஒருவராக நினைக்கிறோம் என்று அர்த்தம். உங்கள் ஊரில் அப்படி இல்லை என்பதை மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாதங்களும் கீழே வெறுமையாக இருக்கின்றன. விருப்பமானவர்கள் எடுத்துக்கொள்ளலாம். யாரும் எடுக்காவிட்டால் செப்டெம்பரோடு கவ்வாத்து நின்றுவிடும். அதில் யார் மேலும் எனக்கு வருத்தமில்லை. இவ்வளவுதான் எழுதினாள்.

நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். ஆனால் கேட்காமல் போட்ட பெயர்கள் செய்யாத வேலையை வெறும் கட்டங்கள் செய்தன. முதலில் எழுதியது மொரீசியஸ் சீனி ஆலை. அங்கே கொம்பியூட்டர் பகுதியைப் பார்க்கிறவருடைய முன்னோர்கள் நம்மவர்களைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களாம். உபயம் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஜனவரியில் தைப்பூசம் வரும், அந்த மாதம் எங்களுக்கு என்றார். பிறகு மீன் சங்கம் பெப்ரவரியைக் கேட்டது. அவர்களுக்கு மீன் அதிகம் படுகிற மாதம் அதுவாம்.

அப்புறம் நடந்ததைத்தான் நான் மிகவும் ரசித்தேன். மே மாதத்தை நூலகமும் கேட்டது, விதை நிலையமும் கேட்டது. நாங்கள்தான் முதலில் எழுதினோம் என்றது நூலகம். நாங்கள் அதற்கு முந்திய வருடத்திலிருந்து கவ்வாத்தைப் பாவிக்கிறோம் என்றது விதை நிலையம். எங்கள் கோயிலில் மூன்றாம் நாளுக்காக ஸ்டோர்க்காரர்களும் டிரைவர்மாரும் மோதிக்கொண்ட வருடம் எனக்கு நினைவு வந்தது. கடைசியில் நான் அன்று செய்த மாதிரியே, இந்த வருடம் அவர்களுக்கு, அடுத்த வருடம் இவர்களுக்கு என்று தீர்த்து வைக்கச் சொன்னேன். இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டன. வக்கீல் முகவரி அனுப்பியவர்கள் ஜூனை எடுத்துக்கொண்டு, அடுத்த வருட மே மாதத்தை இப்போதே எழுதித் தரச் சொன்னார்கள்.

பங்குனி முடிவதற்குள் பதினோரு மாதமும் நிறைந்துவிட்டன. செப்டெம்பர் மட்டும் வெறுமை. கவ்வாத்தைத் திறக்கிற ஒவ்வொருவரும் அதைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் முதலில் யார் பெயர் இருந்தது, யார் எடுக்கச் சொன்னது என்பதும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பெட்ரானா கம்பெனியின் சொந்தப் பேச்சுப் பலகையிலேயே ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டார்களாம்: மீன்காரர்கள் கொடுக்கிறார்கள், நீங்கள் எங்கே?

வருசப் பிறப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்தக் கம்பெனியின் மேலதிகாரி அம்மா ஒருவர் நேரடியாக எழுதினார். சட்டப் பிரிவு அவசரப்பட்டுவிட்டது, வருந்துகிறோம். செப்டெம்பரை மட்டுமல்ல, பன்னிரண்டு மாதத்தையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம். கொழும்பில் தருவதாகச் சொன்னதைப் போல இரண்டு மடங்கு சம்பளம், ஐந்து வருட ஒப்பந்தம், தோட்டத்திலிருந்தே வேலை செய்யலாம். இரண்டே நிபந்தனைகள்தான் என்றார். மற்றப் பதினோரு பெயர்களையும் எடுத்துவிட வேண்டும். கவ்வாத்து இனிமேல் கம்பெனியின் சொத்து, அதற்கு வாயில் நுழைகிற பெயர் ஒன்று வைப்பார்கள்.

நான் கடையிலேயே குதித்தேன். மாரியாத்தா கண் திறந்துவிட்டாள், இப்போதே சரி என்று எழுது என்றேன். அவள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று நினைக்கிறேன் அண்ணே என்றாள். எனக்கு வந்த கோபத்தில் என்னென்ன பேசினேன் என்று முழுதும் எழுத முடியாது. வீடு தேடி வந்த சீதேவியைக் காலால் எட்டி உதைக்கிறாய் என்றேன். பதினோரு பேர் கிடைத்ததும் பெருமை தலைக்கேறிவிட்டது என்றேன். அந்த மீன்காரனும் சீனிக்காரனும் அடுத்த வருடம் மறந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். அவள் நான் முடிக்கும் வரை பொறுத்திருந்தாள்.

"அண்ணே, எங்க அப்பாவுக்கு ஒரே ஒரு தொரைதான். அவரு மொகம் சுளிச்சா அன்னைக்கு அப்பாவுக்கு வேலையும் இல்ல, எங்களுக்கு லயமும் இல்ல. தாத்தாவுக்கும் அப்படித்தான். நான் படிச்சு ஆபீசுக்கு வந்தேன், எனக்கும் ஒரு கம்பெனிதான். இப்பப் பதினோரு பேரு இருக்காங்க. ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போனா மிச்சம் பத்துப் பேரு இருப்பாங்க. இந்தச் சொகம் நம்மள்ல யாருக்கும் கெடைச்சதில்லண்ணே. காசு கொறைஞ்சா கொறையட்டும், இத நான் விட மாட்டேன்."

நான் சொந்தக் கடை வைத்திருக்கிறவன். ஒரு வாடிக்கையாளர் முறைத்துக்கொண்டு போனால் இன்னொருவரிடம் பில் புத்தகம் அடித்துப் பிழைத்துக்கொள்கிறவன். எனக்கு இருந்த அந்தச் சுகத்தை நான் ஒரு நாளும் சுகம் என்று நினைத்ததில்லை. அவளுக்கு அது வேண்டாம் என்று அவ்வளவு சத்தமாகப் பேசியிருக்கிறேன்.

அவள் கம்பெனிக்கு எழுதிய பதில் நாலே வரி. செப்டெம்பர் உங்களுக்காக இருக்கிறது. ஒரு மாதச் சம்பளம் போதும். பெயர் மற்றவர்களுடையதைப் போலவே அதே அளவு எழுத்தில் வரும். கவ்வாத்து கவ்வாத்தாகவே இருக்கும். இதற்கு அவர்கள் பதில் எழுத எட்டு நாள் எடுத்துக்கொண்டார்கள். சரி, செப்டெம்பரைத் தாருங்கள் என்று கடைசியில் எழுதினார்கள். சின்ன எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஜெயந்தினி அந்தப் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. வருசப் பிறப்புக்கு மூன்று நாள் முன்னதாகவே, கொழும்புக்கு வரவில்லை, மாதக் கடைசியோடு ஆபீஸ் வேலையிலிருந்தும் நின்றுகொள்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதிக்கொண்டு தோட்ட மேனேஜரான தொரையிடம் கொடுக்கப் போனாள். துணைக்கு நான் போனேன். துணை யாருக்குத் தேவைப்பட்டது என்று கேட்காதீர்கள்.

எங்கள் தொரை கெட்டவர் இல்லை. பொறுமையாக வாசித்தார். அந்த மேசைக்கு முன்னால் கிளாக்கர்மார் நின்றுதான் பேசுவார்கள், நாங்களும் நின்றோம். கொழும்பை விட்டுவிட்டு யாரிடம் வேலைக்குப் போகிறாய் என்று சிங்களத்தில் கேட்டார். அவள் பன்னிரண்டு கட்டமும் அச்சடித்திருந்த தாளை நீட்டினாள், நான்தான் அடித்துக் கொடுத்திருந்தேன். அவர் மேலிருந்து கீழாக ஒரு தடவையும், கீழிருந்து மேலாக ஒரு தடவையும் படித்தார். மீன், புத்தகம், விதை, சீனி. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார், அங்கே ஏதாவது எழுதியிருக்குமோ என்று.

"இதில் உன் தொரை யார்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஜெயந்தினி சிங்களத்திலேயே பதில் சொன்னாள். "அப்படி ஒருத்தரும் இல்லைங்க சேர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு முன்னால் கிடந்த கதிரையைக் காட்டி, உட்காருங்கள், உட்கார்ந்து பேசுவோம் என்றார். பதினைந்து வருடத்தில் அந்தக் கதிரையில் அவள் உட்கார்ந்ததில்லை. சித்தப்பா அந்த அறைக்குள்ளேயே வந்ததில்லை. நான் அவள் முழங்கையை மெல்ல இடித்தேன், உட்கார் என்று.

"இருக்கட்டுங்க சேர்" என்றாள் அவள். "கீழ்ப்பிரிவு செக்ரோல் இன்னும் பாக்கி கிடக்கு. வருசப் பிறப்புக்கு அவங்க கையில காசு போகணும்."

சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.